விருந்தாளிக்கு நம்பர் கிடையாது

என் மகளைப் பெண் கேட்ட குடும்பத்திடம் "வேண்டாம்" என்று சொல்வதற்காகத்தான் நான் சென்னைக்குப் போனேன். தொலைபேசியிலேயே சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் இப்படிப்பட்ட விஷயத்தை முகத்தைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும் என்பது என் கட்சி. மலேசியாவில், தைப்பிங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு பிள்ளை தேறவில்லை என்றால்கூட அதன் அப்பா அம்மாவைக் கூப்பிட்டு, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துத்தான் சொல்வேன்.

தேன்மொழி எனக்கு ஒரே மகள். வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் பல் மருத்துவம் படித்தாள். பயிற்சிக் காலம் முடிந்து ஊருக்குத் திரும்பிவிடுவாள் என்று அவள் அறைக்குச் சாயம் பூசி, புதுத் திரைச்சீலை மாட்டி வைத்திருந்தேன். கடைவாய்ப் பல் வலி என்று அவளிடம் வந்த பார்த்திபன் என்கிற பையன் என் திட்டத்தில் மண்ணைப் போட்டான்.

பையன் மேல் எனக்குக் குறை இல்லை. அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் நல்ல வேலை, அடக்கமான பேச்சு. குறையெல்லாம் அவன் வீட்டின் மேல். கோவில்பதாகையில் ஒரு மூன்று மாடி வீட்டில் நான்கு அண்ணன் தம்பிகளும் அவர்கள் மனைவி மக்களும் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறார்களாம். தேன்மொழியின் அப்பா அவள் சிறுமியாக இருக்கும்போதே போய்விட்டார். வீட்டில் நானும் அவளும்தான். அடுத்த அறையில் அவள் தும்மினால் எனக்கு விழிப்பு வந்துவிடும். அப்படி வளர்ந்தவள் அந்தக் கூட்டத்தில் காணாமல் போனால் யாருக்குத் தெரியப்போகிறது? என் பயம் இதுதான்.

"நீங்க வந்து பாருங்கம்மா. பாத்துட்டு வேணாம்னா வேணாம். நான் மறு பேச்சு பேச மாட்டேன்" என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான். அதனால்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

விமான நிலையத்துக்கு அழைக்க வருகிறோம் என்றார்கள். ஒரு கார் வரும் என்று நினைத்தேன். ஒரு வேன் வந்தது. அதிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். பார்த்திபனின் சித்தப்பா தேசிங்கு, கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறார். அதனால் இந்த வீட்டில் யாரும் தனியாக எங்கும் போவதில்லை போலிருக்கிறது. ஒரு பையன் என் பெட்டியையும், இன்னொருவன் என் கைப்பையையும், ஒரு சிறுமி என் கையில் இருந்த தண்ணீர் பாட்டிலையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

வண்டி கிளம்புவதற்கு முன் பார்த்திபனின் அப்பா முனுசாமி முன்னிருக்கையிலிருந்து திரும்பினார். நல்ல உயரம், நரைத்த மீசை. தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"ஒண்ணு!" என்று குரல் கொடுத்தார்.

வண்டி மொத்தமும் ஒரே குரலில், "கீறாரு!" என்றது.

"ரெண்டு!"

"கீறாங்கோ!"

"மூணு நானு. நாலு!"

"கீறேன்!"

இப்படியே போயிற்று. ஏழு என்றதும் அவர் மனைவி தனலட்சுமி, "கீறேன்யா, எங்க பூடப்போறேன்?" என்றார். பதினாலுக்கு யாரோ, "மஸ்கட்ல கீறான்!" என்றார்கள். கடைசியாக இருபத்தொன்றுக்கு, அவர்களுடைய மூத்த மகனின் மனைவி செல்வி மெதுவாகக் கையைத் தூக்கினாள். வயிறு நன்றாகவே தெரிந்தது. முனுசாமி திருப்தியோடு தலையை ஆட்ட, தேசிங்கு வண்டியை எடுத்தார்.

"இருக்கிறேன் என்பதை ஏன் இப்படிக் கீறுகிறார்கள்?" என்று பக்கத்தில் இருந்த மகளின் காதில் கேட்டேன். அவள் என் தொடையைக் கிள்ளினாள்.

பிறகு செல்விதான் விளக்கினாள். குடும்பத்துக்குள் எந்த வரிசையில் வந்தார்களோ, அதுதான் அவரவர் நம்பர். பிறந்து வந்தாலும் சரி, வாழ வந்தாலும் சரி. செல்விக்குத் தாலி கட்டி முடிந்து வேனில் ஏறியவுடன் இருபத்தொன்று கிடைத்தது. ஒன்றும் இரண்டும் முனுசாமியின் அப்பா அம்மா. இரண்டு பேருமே இப்போது இல்லை.

"செத்தவங்க நம்பர யாருக்கும் குடுக்கறதில்ல டீச்சரம்மா. வண்டில ஏறுனா அவங்களுக்கும் நாங்கதான் குரல் குடுப்போம்."

இதற்கெல்லாம் காரணம் வண்டி ஓட்டும் தேசிங்குதான். சின்ன வயதில் ஒரு தேர்த் திருவிழாவில் அவரை விட்டுவிட்டுக் குடும்பமே வீடு திரும்பிவிட்டதாம். அன்றைக்கு ஆரம்பித்த எண்ணிக்கை இது.

"எனக்கு என்ன நம்பர்?" என்று சும்மா கேட்டு வைத்தேன்.

முனுசாமி பதறிவிட்டார். "ஐயய்யோ! விருந்தாளிய எண்ணக்கூடாது டீச்சரம்மா. அது மரியாத இல்ல."

சரிதான், நாமும் நம்பர் வாங்க வரவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அவர்கள் வீட்டில் எனக்கு விழிப்பு வந்தபோது, மூன்று மாடிகளிலும் ஏதோ ஒரு கதவை யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள். குளியலறை வரிசை. தைப்பிங்கில் என் குளியலறையில் நான் பாட்டே பாடுவேன். இங்கே வாளியை வைத்த உடனே வெளியிலிருந்து, "யாரு உள்ள? ஷிப்டுக்கு நேரமாவுது, ஜல்தி!" என்று குரல் வந்தது. "டீச்சரம்மாடா!" என்று இன்னொரு குரல் அதட்டியது. "அய்யோ, நீங்க மெதுவா குளிங்க டீச்சரம்மா" என்று முதல் குரல் குழைந்தது. அதன் பிறகு எங்கே குளிப்பது? ஓடி வந்துவிட்டேன்.

நாஸ்டாவுக்கு இட்லியும் வடகறியும். வடையைக் கறி வைப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் வாயிலேயே என் உறுதி கொஞ்சம் ஆடியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய் மேல் எனக்குப் பக்தி உண்டு. இருந்தாலும் இட்லியை மறுபடியும் மறுபடியும் கேட்டு வாங்கினேன். தனலட்சுமி அகப்பையோடு பக்கத்திலேயே நின்றார்.

டீயில் சர்க்கரை கொஞ்சம் குறைவாக இருக்கட்டும் என்று ஒரு சிறுமியிடம் சொன்னேன். அதுதான் நான் செய்த பிழை. அவள் படியில் நின்று அக்காவிடம் சொன்னாள், அக்கா சித்தியிடம் சொன்னாள், சித்தி சமையலறையில் சொன்னாள். மதியத்துக்குள் எனக்குச் சர்க்கரை வியாதி முற்றிவிட்டது. எல்லோருக்கும் எறா தொக்கும் சோறும். எனக்குப் பாகற்காயும் கேழ்வரகுக் களியும். எதிர் வீட்டு அம்மா ஒருவர் வெந்தயப் பொடியோடு வந்து, "மனசத் தளர உடாதீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு எந்த நோயும் இல்லை என்று நான் சொல்லச் சொல்ல, "தைரியமான பொம்பள" என்று பேர் வாங்கினேன். கடைசியில் செல்விதான் யாருக்கும் தெரியாமல் ஒரு கிண்ணத்தில் எறா தொக்கு கொண்டுவந்து தந்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று தின்றேன்.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்தாலும், மாலையில் மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்தபோது மனசு பழையபடி இறுகிவிட்டது. நல்ல மனிதர்கள்தான். ஆனால் ஒரு வார்த்தை கீழே போய்ச் சேர்வதற்குள் உருமாறிவிடுகிற வீடு இது. என் மகளுக்கு ஒரு தலைவலி என்றால் இங்கே யாருக்கு என்னவென்று போய்ச் சேரும்? கிளம்புகிற அன்று காலையில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். இவர்களில் யாருடைய தொலைபேசி எண்ணையும் நான் வாங்கிக்கொள்ளவில்லை, என் எண்ணையும் கொடுக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லப்போகிற வீட்டின் எண் எனக்கு எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை செல்வியின் வளைகாப்புக்குப் புடவையும் வளையலும் எடுக்கப் பூந்தமல்லிக்குப் போனோம். வேன் நிறைய ஆட்கள். தேன்மொழிக்கு அன்று கல்லூரி மருத்துவமனையில் பணி. எனக்கு ஜன்னலோர இடத்தைத் தந்தார்கள். அதே ஜன்னலுக்கு மூன்று பிள்ளைகள் போட்டி போட்டதைப் பார்க்காதது போல் உட்கார்ந்துகொண்டேன்.

புடவைக் கடையில் ஒரு புடவையைச் செல்வியின் தோளில் போட்டுவிட்டு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "இது டல்லு." "அது பளபளன்னு கலீஜா கீது." "டீச்சரம்மா சொல்லட்டும்." நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. செல்விக்குப் பிடித்ததையும் எடுக்கவில்லை. கடைசியில் கடைக்காரருக்குப் பிடித்ததை எடுத்தார்கள்.

வளையல் வாங்கி முடித்து வண்டிக்குத் திரும்பும்போதுதான் அந்தத் தள்ளுவண்டியைப் பார்த்தேன். ரம்புத்தான். எங்கள் வீட்டுக் கொல்லையில் காலில் மிதிபட்டு நசுங்கும் பழம். இங்கே ஆப்பிளுக்குப் பக்கத்தில், வலைப்பையில், நகை போல வைத்திருந்தார்கள். விலையைக் கேட்டதும் எனக்குள் இருந்த ஆசிரியை விழித்துக்கொண்டாள். வியாபாரம் செய்த பெண்ணிடம் அது எப்படிக் காய்க்கும், எப்போது பறிக்கவேண்டும், அவளிடம் இருப்பது ஏன் பழசு என்று ஒரு வகுப்பே எடுத்தேன். அவளும் ஆர்வமாகக் கேட்டாள். பாடம் முடிந்து திரும்பினால் வேன் இல்லை.

தூரத்தில் அதன் பின்பக்கம் சிக்னலைத் தாண்டிக்கொண்டிருந்தது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. முனுசாமி எண்ணியிருப்பார். ஒண்ணு கீறாரு, ரெண்டு கீறாங்கோ, இருபத்தொண்ணு கீறேன். எண்ணிக்கை சரியாகத்தான் வந்திருக்கும். அந்த எண்ணிக்கையில்தான் நான் இல்லையே. என் ஜன்னல் இடத்தின் சூடு ஆறுவதற்குள் ஒரு பிள்ளை தாவி உட்கார்ந்திருக்கும். காலியான இடம் ஒன்று இருந்தால்தானே ஆளைக் காணோம் என்று தெரியும்?

"இன்னாமா, உன்ன உட்டுட்டுப் பூட்டாங்களா?" என்றாள் பழக்காரப் பெண்.

கோபத்தில் கண் கலங்கியிருந்தது. தேன்மொழிக்குப் போன் அடித்தேன், பணி நேரத்தில் அவள் தொலைபேசி அலமாரியில் பூட்டியிருக்கும், எடுக்கவில்லை. நான் பயந்தது இதுதானே? நாளைக்கு என் பெண்ணுக்கும் இதுதானே? கிளம்புகிற நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை, இன்றைக்கே சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"ஆவடி, ஆவடி, ஆவடி!" என்று கூவிக்கொண்டு வந்த ஷேர் ஆட்டோவில் ஏறினேன். "இன்னும் ஒருத்தர்தான், இன்னும் ஒருத்தர்தான்" என்று அந்த ஓட்டுநர் வழியெல்லாம் ஆள் ஏற்றினார். பாரிவாக்கம் தாண்டுவதற்குள் வண்டி இருமிவிட்டு நின்றது.

"கேஸ் தீந்துபோச்சி. பங்க்கு பக்கத்துலதான் கீது. எல்லாரும் கொஞ்சம் கை குடுங்கோ!"

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோ தள்ளிய தைப்பிங் ஆசிரியை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பக்கத்தில் தள்ளிய பெண், மீன் வியாபாரம் செய்பவள், என் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டாள். தள்ளிக்கொண்டே சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்க ஊட்ல நாலே பேருதான்கா. ஒருத்தருக்கொருத்தர் வந்தமா போனமான்னு கேக்கறதில்ல. உங்களுதாவது எண்ணி உட்டுட்டு போன கூட்டம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆவடியில் இறங்கி, வேறு ஆட்டோ பிடித்து, கோவில்பதாகையில் வீட்டு வாசலில் நின்றேன். என்ன சொல்லவேண்டும் என்பதை வழியிலேயே முழு வாக்கியங்களாகக் கட்டி வைத்திருந்தேன். கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே யாருமே இல்லை.

கூடத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சி தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தது. "தனலட்சுமி!" என்று கூப்பிட்டேன். மாடியேறிக் கூப்பிட்டேன். மூன்று மாடியிலும் என் குரல்தான். வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் ஒரு நொடி அமைதி கிடைக்காதா என்று ஏங்கியவள் நான். இப்போது கிடைத்தது. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

சமையலறை மேடையில் ஒரு தட்டு நிறைய டம்ளர்களில் டீ ஊற்றி வைத்திருந்தது. எல்லாவற்றிலும் ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. இந்த வீட்டில் டீ ஆறி நான் பார்த்ததில்லை. தட்டு கூடத்துக்கு வருவதற்குள் பாதி டம்ளர் காலியாகிவிடும். ஒருவர்கூட ஒரு வாய் குடிக்கவில்லை. ஓரமாக ஒரு டம்ளர் தனியாக இருந்தது. அதில் சர்க்கரை இல்லை.

எதிர் வீட்டு வெந்தய அம்மா ஓடி வந்தார். "அடக் கடவுளே, இங்கயா கீறீங்க! டீ ஊத்தும்போதுதான் உங்களக் காணோம்னு தெரிஞ்சிருக்கு. தனலட்சுமி அப்டியே கத்திட்டா. எல்லாம் உங்களத் தேடிகினு ஓடிச்சுங்க."

அவர்தான் யார் யாருக்கோ போன் அடித்துச் சொன்னார். நான் வாசல் படியில் உட்கார்ந்தேன். கட்டி வைத்த வாக்கியங்களில் முதல் வாக்கியம் மறந்துபோயிருந்தது.

முதலில் தனலட்சுமி வந்தார். தெரு முனையிலிருந்தே தெரிந்தது, காலில் செருப்பு இல்லை. என்னைப் பார்த்ததும் ஓட முயன்று, மூச்சு வாங்கி, என் பக்கத்தில் படியில் பொத்தென்று உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அடுத்து செல்வி, ஒரு கொழுந்தனின் ஸ்கூட்டரில். ஆவடி பேருந்து நிலையத்தில் நின்று, வந்த ஷேர் ஆட்டோவையெல்லாம் நிறுத்தி உள்ளே தலையை விட்டுப் பார்த்திருக்கிறாள். பிள்ளைகள் சைக்கிளில் வந்தார்கள். பார்த்திபன் வந்ததும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். வேனைப் பூந்தமல்லிக்கே திருப்பிக்கொண்டு போன தேசிங்கு வியர்த்து ஊறிய சட்டையோடு வந்தார். அவர் கையில் ஒரு பை இருந்தது.

"அந்தப் பழக்காரம்மாதான் சொன்னாங்க, டீச்சரு ஆட்டோல பூட்டாங்கன்னு. இத நீங்க ஆசையாப் பாத்தீங்கன்னாங்க" என்று பையை நீட்டினார். ரம்புத்தான். "தேர்ல என்ன உட்டுட்டு வந்தப்ப எப்டி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும் டீச்சரம்மா. நானே உங்கள உட்டுட்டு வந்துட்டேனே." சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

முனுசாமியை மட்டும் காணவில்லை. அவர் தன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலப்பன்சாவடிக்குப் போயிருந்தார். என்னைத் தேடி அல்ல, என் மகளைப் பார்க்க. கடைசியாக அவர்தான் வந்தார், பின்னால் தேன்மொழி, வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல். அவள் இறங்கி ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"மாமா வந்து, உங்கம்மாவத் தொலைச்சிட்டேன்மான்னு சொன்னார்மா. எனக்கு உயிரே போயிடுச்சு."

"ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணியிருக்கலாமே" என்று அவரிடம் கேட்டேன்.

முனுசாமி தலை நிமிரவில்லை. "போன்ல சொல்ற சமாச்சாரமா டீச்சரம்மா அது? மூஞ்சப் பாத்துதான் சொல்லணும்."

இதையேதான் நான் தைப்பிங்கிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தேன்.

தெருவிலேயே, எல்லோரும் நின்ற இடத்தில் நிற்க, அவர் எண்ண ஆரம்பித்தார். ஒண்ணு, ரெண்டு, மூணு. குரல் வழக்கமான குரலாக இல்லை. இருபத்தொன்றுக்குச் செல்வி கையைத் தூக்கினாள். அவர் நிறுத்தவில்லை.

"இருபத்திரண்டு!"

தனலட்சுமி என்னை இடித்தார். "உங்களத்தான்."

"மாமா!" என்று செல்வி வயிற்றில் கை வைத்தாள். "இருபத்திரண்டு எம்புள்ளைக்குன்னு சொன்னீங்களே!"

"அவன் உள்ள பத்திரமாத்தானே கீறான்? வெளியில கீறவங்களுக்கு மொதல்ல." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "பொண்ணு குடுத்தாலும் சரி, குடுக்காங்காட்டியும் சரி டீச்சரம்மா. இந்த நம்பர் உங்குளுது. குடுத்த நம்பர இந்த ஊட்ல திருப்பி வாங்கறதில்ல."

"இருக்கிறேன்" என்றேன். சுத்தமான தமிழைக் கேட்டுப் பிள்ளைகள் எல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். தனலட்சுமி புது டீ போட எழுந்தார். அன்றைக்கு எனக்குச் சர்க்கரை போட்டார்கள், அதுவும் அளவுக்கு மேல்.

நான் ஊர் திரும்பிய நாளில் மறுபடியும் வேன் நிறைய ஆட்கள். யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. பெண் கேட்டவர்கள் பதிலை எதிர்பார்க்கிறார்கள் என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. தேன்மொழி என் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக எதையோ பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் விரல்கள் மட்டும் என் விரல்களை விடவில்லை. விமான நிலையத்தில் வண்டி நின்றதும், நான் இறங்குவதற்கு முன் முனுசாமி திரும்பினார்.

வரிசை என்னிடம் வந்தது. "இருபத்திரண்டு!"

"கீறேன்" என்றேன்.

வண்டி கூரை பறக்கிற மாதிரி ஆர்ப்பரித்தது. கை காட்டி அடக்கினேன். வகுப்பறைப் பழக்கம்.

"இருபத்து மூன்று என் மகளுக்கு. எடுத்து வைத்துவிடுங்கள்."

தேன்மொழி என் தோளில் முகத்தைப் புதைத்தாள். தனலட்சுமி இருக்கையைத் தாண்டி என் கன்னத்தை வழித்தார். தேசிங்கு ஹாரனை அழுத்தினார். அத்தனை சத்தத்துக்கும் மேலே செல்வியின் குரல் கேட்டது.

"அய்யே, இன்னா நியாயம் இது? அதுவும் பூடுச்சா? அப்போ எம்புள்ளைக்கு?"

"யாரு முன்ன வர்றாங்களோ அவங்களுக்கு" என்றார் முனுசாமி.

"எனக்கு ஆவணியில பொறக்கும்!"

"அப்போ கல்யாணத்த ஆனியில வச்சிக்கலாம்" என்றேன் நான்.

வண்டிக்குள் பெரிய சண்டை மூண்டுவிட்டது. பாதிப் பேர் குழந்தை கட்சி, பாதிப் பேர் கல்யாணக் கட்சி. காவலர் விசில் ஊதி வண்டியை எடுக்கச் சொன்னார். பெட்டியைத் தள்ளிக்கொண்டு கண்ணாடிக் கதவை நோக்கி நடந்தேன். பின்னால் வேன் நகர்ந்தது. திறந்த ஜன்னல்கள் வழியாக முனுசாமி மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பது கேட்டது. ஒண்ணு, கீறாரு. ரெண்டு, கீறாங்கோ. அவர் பத்தைத் தாண்டுவதற்குள் கதவு எனக்குப் பின்னால் மூடிக்கொண்டது. என் நம்பர் வந்தபோது யார் குரல் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. எல்லோருமாகச் சேர்ந்துதான் கொடுத்திருப்பார்கள்.